மட்டக்களப்பு, அம்பாறை சிறுவர் இல்லங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி, ஆவணி வந்தால் லண்டன், ரொறன்ரோ, சூரிச், பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லாப் பக்கமிருந்தும் எங்கள் சனம் ஊருக்கு வருகிறது. மாமாங்கத் தீர்த்தம், கல்யாண வீடு, காணி அலுவல் எல்லாவற்றோடும் "ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கும் போய் வருவம்" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மட்டக்களப்பில் அப்படியான இல்லமொன்றின் நிருவாகத்துக்கு நான் உதவி செய்கிறேன். தொலைபேசியில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள்தானே?

இல்லை. இதை விளங்கிக்கொண்டு வந்தால் மற்றக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

1990இன் வன்செயல்களுக்குப் பிறகும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், 2006, 2007இல் வாகரை, படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்த காலத்திலும் இங்கே பல இல்லங்கள் தொடங்கின. நாவலடி, கல்லடி, டச்பார் பக்கமும், அம்பாறைக் கரையில் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கமும் அப்போது உண்மையிலேயே யாருமில்லாத பிள்ளைகள் இருந்தார்கள். சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. ஆனால் அந்த அலையில் தாயைப் பறிகொடுத்த கைக்குழந்தைக்கும் இன்று 20 வயது தாண்டிவிட்டது.

இப்போது இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது இருக்கிறார். தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலையில் இருப்பார். தகப்பன் வேறு கல்யாணம் முடித்துப் போயிருப்பார். நுண்கடன் கட்ட முடியாமல் குலைந்த வீடுகள் உண்டு, குடியால் குலைந்த வீடுகளும் உண்டு. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்து உள்ளூர்களில் பள்ளிக்கூடம் தூரம், பொழுதுபட்டால் யானை இறங்கும். பிள்ளையைப் படிப்பிக்க வேறு வழி தெரியாமல் கொண்டுவந்து விட்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிற வழக்கம் என்பதால், பல பிள்ளைகளுக்கு அம்மம்மாவின் வீடு இருக்கும். அந்த வீட்டில் அடுப்பெரிக்க வருமானம்தான் இருக்காது.

ஆகவே நீங்கள் பார்க்கப் போவது ஒரு குடும்பத்துப் பிள்ளையை. "உன்னைப் பார்க்க ஆருமில்லையா, பாவம்" என்று தலையைத் தடவினால், போன ஞாயிறு பஸ் ஏறி வந்து இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போன அம்மம்மாவை நீங்கள் இல்லை என்று சொன்னதாக ஆகிவிடும்.

எந்த இல்லத்துக்குப் போகலாம் என்று எப்படித் தெரிவது?

சிறுவர் இல்லங்கள் 1941ஆம் ஆண்டின் அனாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டும். மாகாண சபைகள் வந்த பிறகு இந்தப் பொறுப்பு கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடம் இருக்கிறது. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் சான்றிதழ் அலுவலக அறையில் மாட்டியிருக்கும். பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் ஊர் எந்தச் செயலகத்துக்குள் வருகிறதோ, மண்முனை வடக்கோ, களுவாஞ்சிக்குடியோ, காரைதீவோ, திருக்கோவிலோ, அவரிடம் விசாரிப்பது உறவினர் வாய்ச்சொல்லை நம்புவதை விட நல்லது.

இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் இல்லங்கள் மூன்றும் எங்கள் கரையில் உண்டு. போகுமிடத்து வழக்கத்தை முன்கூட்டியே கேளுங்கள். சைவ இல்லத்தில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ உணவு ஹலாலாக இருக்க வேண்டும்.

சொல்லாமல் போகலாமா?

வேண்டாம். குறைந்தது இரண்டு மூன்று கிழமைக்கு முதலே எழுதுங்கள், உங்கள் பெயர், நாடு, வரும் ஆட்கள், காரணம் எல்லாவற்றையும். வாசலில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கேட்பார்கள். "நாங்க நம்மட ஆக்கள்தானே" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். யார் வந்தாலும் கேட்கிற இல்லம்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பான இல்லம்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

வெளிநாட்டில் பள்ளிக்கூடம் பூட்டுகிற ஓகஸ்டில்தான் நீங்கள் வருகிறீர்கள். பொதுவாக அதே மாதத்தில் எங்களுக்கும் தவணை லீவு. வீட்டுக்குப் போகக்கூடிய பிள்ளைகள் அப்போது வீட்டில் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்பதற்காகப் பிள்ளையின் லீவை வெட்டி இல்லத்தில் மறித்து வைக்கக் கூடாது. அப்படி ஒழுங்கு செய்து தருவதாக யாரும் சொன்னால் நீங்களே மறுத்துவிடுங்கள். அந்த நாட்களில் போக்கிடமில்லாத நாலைந்து பிள்ளைகள் மட்டும் இல்லத்தில் இருப்பார்கள். கூட்டமில்லாத அந்தப் பெரிய மண்டபத்தில் அவர்களோடு இருந்து கரம் விளையாடுவது நல்ல சந்திப்பு.

கார்த்திகை, மார்கழியில் வருவதானால் வாடைக்காற்று மழையையும் வெள்ளத்தையும் கணக்கில் எடுங்கள். பரீட்சை நாட்களில் வர வேண்டாம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்றாலும் சாதாரண தரம் என்றாலும் சரி.

நேரத்தைக் கேட்டால், பள்ளிக்கூட நாளில் பின்னேரம் மூன்றரை, நாலு மணி. அப்போது பிள்ளைகள் சாப்பிட்டுச் சட்டை கழுவிக் கொடியில் போடுவார்கள். ஒவ்வொரு துவாயின் மூலையிலும் நூலால் தைத்த இலக்கம் இருக்கும், உடுப்பு மாறாமல் இருக்க. பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குத் தலை இழுப்பார்கள். இப்படி வழமையான நாளில் வந்தால்தான் பிள்ளை எப்படி வாழ்கிறது என்று தெரியும்.

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்க விரும்புகிறோம். பிழையா?

பிழையில்லை. இறந்தவர் பேரில் நாலு பேருக்குச் சோறு போடுவது எங்கள் சனத்தின் நல்ல பழக்கம். அது நடக்கிற விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல இல்லங்களில் நடப்பது இது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருப்பார்கள். வான் ஒன்றரைக்கு வரும். பிள்ளைகள் நல்ல உடுப்போடு வரிசையில் நிற்பார்கள். இறந்தவரின் படம் போட்ட பதாகை கட்டப்படும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைகூப்பித் தேவாரம் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்து, கமராவைப் பார்த்து, இரண்டு கையாலும் பார்சலை வாங்க வேண்டும். புரியாணி ஆறிப்போயிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த நாளில் விளங்குவது ஒன்றுதான்: சாப்பாடு வேண்டுமென்றால் முன்பின் தெரியாதவரின் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். உங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை விரும்பியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிச் செய்யலாம். திகதியை ஒரு மாதத்துக்கு முதல் சொல்லுங்கள். பொங்கல், தீபாவளி, வருடப்பிறப்பு, சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பியிருக்கும், ஒரே நாளில் இரண்டு பேர் சாப்பாடு கொண்டுவந்து மிஞ்சியதைக் கொட்டுவதும் நடக்கிறது. செவ்வாய், புதன்கிழமைகளுக்கு ஆள் கிடைப்பதில்லை. கடைச் சாப்பாட்டுக்குப் பதில் காசை இல்லத்துக்குக் கொடுத்தால், சமைக்கிற அக்கா நல்ல மீனாக வாங்கி, சொதி வைத்து, பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரிச் செய்து தருவார். பதாகை வேண்டாம். நின்று பரிமாறுவதை விட, நீங்களும் பாயில் இருந்து சேர்ந்து சாப்பிடுங்கள்.

அப்பாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் செய்யலாம். ஒருவர் தன் தகப்பன் ஆரையம்பதியில் தபால்காரராக இருந்த கதையைச் சொன்னார். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முதல் துறையில் "பாதை" என்கிற மிதவையில் சைக்கிளை ஏற்றி ஆற்றைக் கடந்துதான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கடிதம் கொண்டுபோவாராம். பிள்ளைகள் சோற்றைப் பிசைந்தபடியே, "யானை வந்தா என்ன செய்வார்?", "கடிதம் நனைஞ்சா ஏசுவாங்களா?" என்று விடாமல் கேட்டார்கள். அன்று அந்த மண்டபத்தில் படமோ மாலையோ இல்லை. ஆனால் அந்தத் தபால்காரரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

என்ன கொண்டுவரலாம்?

முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் இவைதான் வரும்: அளவு சரியான கறுப்புச் சப்பாத்து, உள்ளாடை, பெண்பிள்ளைகளுக்கு மாதாந்தத் துவாய், நுளம்பு வலை, சவர்க்காரம், சம்பூ, கொப்பி, கணிதப் பெட்டி. டெங்குக் காலத்தில் நுளம்பு வலை கிழிந்திருந்தால் அது பெரிய விசயம். மட்டக்களப்புக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். சூட்கேசில் இடம் பிடித்துப் பழைய குளிர் உடுப்புகளைக் கொண்டுவர வேண்டியதில்லை.

பிள்ளையின் கையில் நேரே எதையும் கொடுக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மணிக்கூடு கொடுத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், இரவு அதற்காக நடக்கும் சண்டையை விடுதி அக்காதான் தீர்க்க வேண்டும். காசு கொடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லத்துக்கு உண்மையிலேயே தட்டுப்பாடாக இருப்பது விடுதி அக்காமாரின் சம்பளம், மின்சாரப் பட்டியல், அரிசி, சமையல் எரிவாயு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. கேக்குக்கும் பட்டாசுக்கும் காசு தர ஆள் உண்டு. சம்பளத்துக்குத் தரத்தான் ஆளில்லை. சம்பளம் போதாமல் பராமரிக்கும் பெண் விலகிப் போனால், பிள்ளை இன்னொரு தாயை இழக்கிறது.

படம் எடுக்கலாமா? முகநூலில் போடலாமா?

பிள்ளையின் முகம் தெரியும் படத்தைப் போடவே வேண்டாம். நீதிமன்றக் கட்டளையில் இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருடைய சொந்த வீட்டிலேயே அவர்களுக்குக் கெடுதல் செய்தவர் இருக்கிறார். படத்தில் பள்ளிக்கூட இலச்சினையும் பின்னால் இல்லத்தின் பெயர்ப்பலகையும் தெரிந்தால், தேடுகிறவருக்கு விலாசம் கொடுத்த மாதிரி. அதோடு, நாளைக்கு அந்தப் பிள்ளை கம்பசுக்குப் போகும், கல்யாணம் முடிக்கும். பார்சலோடு நிற்கும் அந்தப் படம் அப்போதும் இணையத்தில் இருக்கும்.

லண்டனில் பிறந்த எங்கள் பிள்ளைகளையும் கூட்டி வரலாமா?

தாராளமாக. ஆனால் "நீ எவ்வளவு குடுத்துவச்சவன் என்று பார்" என்று காட்டுவதற்காகக் கூட்டி வராதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பாடம் படிப்பிக்கக் காட்டும் உதாரணம் அல்ல இல்லத்துப் பிள்ளைகள். விமானத்தால் இறங்கிய அடுத்த நாளே, நித்திரை கலக்கத்தோடு கொண்டுவரவும் வேண்டாம். விலை கூடிய போனை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மட்டையும் பந்தும் கொண்டுவந்தால் போதும். தமிழ் தட்டுத் தடுமாறினால் பரவாயில்லை, கிரிக்கெட்டில் ஆட்டமிழந்ததா இல்லையா என்று சண்டை பிடிக்க அவ்வளவு தமிழ் தேவையில்லை.

பிள்ளைகளோடு என்ன கதைப்பது?

பள்ளிக்கூடம், விளையாட்டு, பிடித்த பாடம், இல்லத்துத் தோட்டத்தில் என்ன நட்டிருக்கிறார்கள், எதுவும் கதைக்கலாம். "அம்மா எங்க, அப்பாக்கு என்ன நடந்தது" என்று துருவ வேண்டாம். பிள்ளையாகச் சொன்னால் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் சில நேரம் கண்ட உடனே ஓடிவந்து மடியில் ஏறும், "அன்ரி, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கழுத்தைக் கட்டிக்கொள்ளும். இதைப் பார்த்து உருகாதவர்கள் இல்லை. ஆனால் அறிமுகமில்லாத ஆளிடம் ஒரு பிள்ளை அப்படி ஒட்டுவது, நிலையாக ஒருவரோடு வளராததன் அறிகுறி. அன்பாக இருங்கள், பக்கத்தில் இருத்திக் கதையுங்கள், ஆனால் அங்கே வழமையாகப் பார்க்கும் அக்காவிடமே பிள்ளையைத் திருப்பிவிடுங்கள்.

வெளிக்கிடும்போது "மறுகா எப்ப வருவீங்க?" என்று கேட்பார்கள். "கெதியா வருவன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை அதை எண்ணிக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் வருவது நிச்சயமில்லை என்றால், "தெரியாது மகள், ஆனா கடிதம் போடுவன்" என்று சொல்லுங்கள். பிறகு கட்டாயம் போடுங்கள்.

ஒரு நாளைக்கு வெளியே கூட்டிப்போகலாமா, பாசிக்குடாவுக்கோ கல்லடிக் கடற்கரைக்கோ?

தனியாக இல்லை. எல்லாப் பிள்ளைகளும், இல்லத்துப் பொறுப்பாளர்களும் சேர்ந்து போகும் சுற்றுலாவுக்கு வேன் கூலி கொடுக்கலாம். நீதவானின் கட்டளையில் இருக்கும் பிள்ளையை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். ஒரு பிள்ளையை உங்கள் வீட்டில் இரவு தங்க வைக்கக் கேட்கவே வேண்டாம். உடனே "ஓம், கொண்டுபோங்க" என்று சொல்லும் இல்லம் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்.

ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து மாதாமாதம் காசு அனுப்பலாமா?

அதற்குப் பதிலாக நான் இரண்டு வழியைச் சொல்வேன். ஒன்று, இல்லத்தின் பொதுக் கணக்குக்கு, எல்லாப் பிள்ளைகளுக்குமாக. மற்றது, எனக்கு இதுதான் பெரிது: பிள்ளை வீடு திரும்ப உதவுவது. அம்மம்மாவுக்கு ஒரு ஆட்டுப் பட்டியோ, தையல் மெசினோ, வீட்டுக்கு மலசலகூடமோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூட வான் காசோ கிடைத்தால், சில பிள்ளைகள் இல்லத்துக்கு வரவே தேவையில்லை. இதை நேரே போய்ச் செய்யாமல், நன்னடத்தை உத்தியோகத்தர் மூலம் செய்யுங்கள். எந்த வீடு பிள்ளைக்குப் பாதுகாப்பு, எது இல்லை என்று அவருக்குத் தெரியும். 2009இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது: வறுமை ஒன்றே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது.

தனிப்பட்டவரின் வங்கிக் கணக்குக்குக் காசு போடாதீர்கள். பிரித்தானியாவிலோ கனடாவிலோ பதிவான தொண்டு நிறுவனம் ஊடாக அனுப்பினால் வரிச் சலுகையும் உண்டு. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் நிறுவனம் அரசிடம் 25 பென்ஸ் மேலதிகமாகப் பெறலாம்.

திரும்பிப் போன பிறகு எப்படித் தொடர்பில் இருப்பது?

இல்லத்தின் விலாசத்துக்குக் கடிதம் எழுதுங்கள். தபால் அட்டையில் நாலு வரி, உங்கள் ஊர்ப் பனி, ரயில், தெரு. மாதத்தில் ஒன்று என்று தொடங்கினால் அதை நிறுத்தாதீர்கள். வீடியோ அழைப்பு என்றால் இல்லத்தின் போனில், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்க, குறித்த நாளில். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி எங்களுக்கு வசதி. கோடையில் அது லண்டனுக்குப் பகல் பன்னிரண்டரை, சூரிச்சுக்கு ஒன்றரை, ரொறன்ரோவுக்குக் காலை ஏழரை. பனிக்காலத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் குறையும். பிள்ளையின் சொந்த வட்சப்புக்கோ முகநூலுக்கோ தனியாக எழுத வேண்டாம், உங்கள் மனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

ஒரு மாதம் நின்று இங்கிலிஸ் படிப்பிக்கலாமா?

சுற்றுலா விசாவில் வந்தால் வேலை செய்ய முடியாது, சம்பளம் இல்லாத வேலைக்கும் முதலில் அனுமதியை விசாரிக்க வேண்டும். அதை விட, வந்து வந்து போகும் அன்ரி, அங்கிள்மார் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. அந்தக் காசில் ஊரிலேயே ஒரு ரீச்சரைப் பின்னேர வகுப்புக்கு வருடம் முழுக்க வைக்கலாம். தாதி, உளவளத் துணையாளர், கணக்காளர் மாதிரித் தொழில் தெரிந்தவர்கள் இல்லத்தில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அது நிலைக்கும்.

தத்தெடுக்க முடியுமா?

நேரே இல்லத்தோடு பேசி முடியாது. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றம்தான் கட்டளை கொடுக்கும். தத்தெடுப்பவருக்கு 25 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அந்த நாட்டு அதிகாரிகள் ஊடாகக் கொழும்பிலுள்ள நன்னடத்தை ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1980களில் இலங்கைக் குழந்தைகள் கள்ள ஆவணங்களோடு ஐரோப்பாவுக்குப் போன கதை இன்னும் ஆறவில்லை, அப்படிப் போனவர்கள் இப்போதும் பெற்ற தாயைத் தேடி வருகிறார்கள். "காசு குடுத்தா நாங்க பாத்து முடிச்சுத் தாறம்" என்று யாரும் சொன்னால் உடனே முறையிடுங்கள்.

பிழையாக ஏதும் கண்டால்?

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. இருபத்துநாலு மணித்தியாலமும் தமிழிலும் கதைக்கலாம். அடி, பட்டினி, பாலியல் துன்புறுத்தல், லீவுக்கு வீட்டுக்கு விடாமல் மறிப்பது, எதுவானாலும். "இல்லத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பதற்கு உடந்தையாக இருக்காதீர்கள். அந்த இடத்திலேயே வாக்குவாதப்படவும் வேண்டாம், நீங்கள் போன பிறகு அடி பிள்ளைக்குத்தான் விழும்.

18 வயதானால் இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. சின்னப் பிள்ளைக்குப் பொம்மை வாங்க ஆள் உண்டு, பதினெட்டு முடிந்த பெடியனுக்கு அறை வாடகை கட்ட ஆளில்லை. உயர்தரம் எழுதும் வரை சில இல்லங்கள் வைத்திருக்கும். பிறகு ஒரு பையோடு வெளியே. சிலர் கொழும்புப் பக்கம் கார்மெண்டுக்குப் போகிறார்கள், சிலர் ஏஜென்சிக்காரனிடம் அகப்படுகிறார்கள். பெண்பிள்ளைகளை அவசரப்பட்டுக் கல்யாணம் கட்டிக் கொடுப்பதும் நடக்கிறது.

உங்களால் முடிந்தால் இங்கே கையைக் கொடுங்கள். தொழிற்பயிற்சிக் கட்டணம், வேலை கிடைக்கும் வரை ஆறு மாத வாடகை, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலை போய்வர பஸ் காசு, சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் செலவு. காசுக்கு மேலாக, வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது திருத்திக் கொடுக்கவும், நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் அழைத்துக் கதைக்கவும் ஒரு மூத்தவர் வேண்டும். இதை நீங்கள் லண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் செய்யலாம். இல்லத்தைத் தொடர்புகொள்ளும்போது, "இந்த வருசம் வெளியே போகும் பிள்ளைகள் ஆரும் இருக்கிறார்களா?" என்று கேளுங்கள்.